திருப்பப்படாத எல்.சி.

என் தந்தை ஓபுலேசு ஜூன் பதினைந்தாம் தேதி காலை 10.40-க்கு இறந்தார். தர்மவரத்தில், எங்கள் வீட்டு ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் போனுடன். மாரடைப்பு. பதினோரு மணிக்குப் பிறகு இறந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

நான்னா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர். முப்பத்தொரு வருடம், ஒரே சப்-ஸ்டேஷன், மாறி மாறி மூன்று ஷிப்ட். மணிக்கு ஒருமுறை மீட்டர்களைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். நேரம், வோல்ட், ஆம்பியர், குறிப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. என் பழைய போனைக் கொடுத்தேன். வீடியோக்களுக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்.

"07.55. உக்கானி வீடியோ பார்க்கப்பட்டது. பொரி அதிக நேரம் ஊறிவிட்டது. அனந்தபுரத்தில் இப்படிச் செய்தால் வீட்டில் சண்டை வரும். மிளகாய் பஜ்ஜி திருப்தி."

அதற்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: "சார், நீங்க சாப்பிட வந்தீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீங்களா?"

"16.20. மாடுகள் கல் இழுக்கும் போட்டி. லோடு முழுவதும் இடது மாட்டின் மேல். வலது மாடு நடிக்கிறது."

இதற்கு இருநூற்றுப் பதின்மூன்று பேர் விருப்பம் போட்டார்கள். அன்று எனக்குப் போன் செய்தார்.

"வேணி, இருநூத்திப் பதிமூணு பேரு ஒத்துக்கிட்டாங்க."

"எதை நான்னா?"

"வலது மாடு நடிக்குதுன்னு."

ஆவக்காய் ஊறுகாயில் எவ்வளவு கடுகுப் பொடி என்று குண்டூர்ப் பெண் ஒருத்தியோடு நான்கு நாள் சண்டை போட்டார். ஐந்தாம் நாள் "பராமரிப்புக்காக நிறுத்தப்படுகிறது" என்று எழுதி முடித்தார். பேசவே தெரியாத மனிதர் என்று ஊரில் பெயர். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன அன்று அவர் சொன்னது ஒரே சொல்: "சரி." அவர் பேச்செல்லாம் முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களுக்குக் கீழேதான் போனது. இரண்டாயிரம் கருத்துகளுக்கு மேல் இருக்கிறது. இறந்த பிறகு எல்லாவற்றையும் படித்தேன்.

நான் ஹைதராபாத்தில் ரிலே சோதிப்பவள். லைனில் கோளாறு வந்தால் எத்தனை மில்லிசெகண்டில் பிரேக்கர் திறக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. ஏன் திறக்கவில்லை என்று கண்டுபிடிப்பதும்.

பதினோராம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் போன பிறகு அம்மா சொன்னாள்:

"பதினோரு மணி வேலைய முடிக்காமப் போயிட்டாரு மனுசன். அதான் எனக்கு ஆறல."

"என்ன வேலைம்மா?"

"யாருக்குத் தெரியும்? தினம் பதினோரு மணிக்குப் போனை எடுத்து ஒரு வரி எழுதுவாரு. அப்ப கலெக்டரே வந்து நின்னாலும் எந்திரிக்க மாட்டாரு. மழை, காய்ச்சல், உன் சித்தி மகன் கல்யாணம், எதுவும் கணக்கில்ல. தாலி கட்டுற நேரத்துல ஓரமாப் போய் நின்னுட்டாரு. யாருக்குய்யா லெட்டர்னு கேட்டா, 'டியூட்டி'ம்பாரு."

போனைத் திறந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை.

அது ஒரு விவசாயச் சேனல். வயலில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போனால் நீங்களே எப்படி மாற்றலாம் என்ற வீடியோ. கீழே நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருந்தார்கள்: எங்கள் ஊரில் லைன்மேன் நான்கு நாளாக வரவில்லை. எங்கள் லைன்மேன் அவர் மாமியார் செத்தால்தான் வருவார். என் அண்ணன் இப்படி ஏறித்தான் கை போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். இவற்றுக்கு நடுவில் நான்னா:

"18.05. யாரும் ஏறக் கூடாது. எல்.சி. இல்லாமல் லைனைத் தொடக் கூடாது. — ஓபுலேசு, ஆபரேட்டர் (ஓய்வு)."

எல்.சி. என்றால் லைன் கிளியர். லைன்மேன் கம்பத்தில் ஏறும் முன் ஆபரேட்டரிடம் பெயர் சொல்லி அதை வாங்குவார். ஆபரேட்டர் பிரேக்கரைத் திறந்து, கைப்பிடியில் 'ஆள் வேலை செய்கிறார்' பலகையை மாட்டி, நேரம் எழுதிக் கொடுப்பார். வேலை முடிந்ததும் வாங்கிய ஆளேதான் திருப்ப வேண்டும். போனில் என்றால் அதே குரலாக இருக்க வேண்டும். திரும்பும் வரை அந்த லைனுக்கு மின்சாரம் கிடையாது. ஷிப்ட் முடிந்தாலும் ஆபரேட்டர் வீட்டுக்குப் போக முடியாது. ஒருமுறை லைன்மேன் ஒருவர் குடித்துவிட்டுத் திருப்ப மறந்து தூங்கிப் போனார். நான்னா பத்தொன்பது மணி நேரம் நாற்காலியில் இருந்தார். நாற்பது கிராமம் இருட்டில். அவர் சர்வீஸில் ஒரு எல்.சி.கூடத் திரும்பாமல் போனதில்லை.

அவர் எச்சரிக்கைக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். பெயர் கோட்டய்யா. படத்தில் ஒரு ஜோடி வெள்ளைக் காளைகள்.

"சார், பிரகாசம் மாவட்டம். சாத்துக்குடித் தோட்டம். மூணு நாளா மோட்டார் ஓடல. பிஞ்செல்லாம் உதிருது. லைன்மேன் போனை எடுக்கல. கம்பத்துல இருக்கிற சுவிட்ச் துருப்பிடிச்சு அசைய மாட்டேங்குது. லைன்ல கரண்டே இல்லாத நேரம் எதுன்னு சொல்லுங்க சார், போதும்."

"18.20. ஏற வேண்டாம்."

"சார், பதினாலு வருச மரம். காலுல விழறேன் சார்."

பிறகு:

"18.40. விவசாய லைன் காலை 9-க்கு நிறுத்தப்படும். 11 வரை சப்ளை இல்லை. அதற்குள் மட்டும். ரப்பர் செருப்பு. உலர்ந்த கட்டை. துணைக்கு ஆள். முடித்ததும் இங்கே எழுதவும்."

"சரி சார். நாளைக்கு ஒம்போதுக்கு. செஞ்சுட்டு உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன். நீங்க நல்லா இருக்கணும்."

கோட்டய்யா எழுதிய கடைசி வரி அது. தேதி போன வருடம் மார்ச் பதினான்கு.

மறுநாளிலிருந்து நான்னா.

"11.00. எல்.சி. திருப்பவும்."

"11.00. எல்.சி. திருப்பவும்."

எண்ணினேன். நானூற்று ஐம்பத்தேழு.

இடையில் ஒரே ஒரு வேறு வரி, எட்டாம் நாள்: "மேலே நான் சொன்ன நேரம் தவறு. யாரும் பின்பற்றக் கூடாது."

வருவோர் போவோர் விளையாடியிருந்தார்கள். "தாத்தா தினமும் அட்டெண்டன்ஸ் போடறாரு." "எல்.சி.ய வாங்கினவன் ஓடிட்டான் தாத்தா, விடுங்க." "வட்டி போட்டுக் கேளுங்க." பிறகு சிலருக்கு அது பழக்கமாகிவிட்டது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், பெயர் சுவர்ணா, எழுதியிருந்தாள்: "நான் இதைப் பார்த்துட்டுத்தான் டியூட்டிக்குக் கிளம்பறேன். என்னன்னு புரியல. ஆனா தாத்தா இருக்காருன்னு தெரியுது."

ஜூன் பதினைந்துக்குப் பிறகு அவள்தான்: "தாத்தா, இன்னைக்கு வரலையே?" இரண்டு நாள் கழித்து: "தாத்தா?"

மத்திலேட்டி பாபாய், எனக்குச் சித்தப்பா மாதிரி, நான்னாவோடு வேலை பார்த்த லைன்மேன். இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது. போனை அவரிடம் நீட்டினேன். கண்ணாடி போடாமலே தலையாட்டினார்.

"தெரியும். எட்டு நாள் கழிச்சு எங்கிட்ட வந்தாரு. அந்தப் பக்கம் விவசாய லைன் எத்தனை மணிக்கு நிக்குதுன்னு கேட்டாரு. அந்த மாவட்டத்துல நேரத்த மாத்தி ஏழு மாசம் ஆச்சு அண்ணா, இப்ப ஒம்போதுக்குத்தான் சப்ளையே ஆரம்பிக்குதுன்னேன்."

"நான்னா என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? என் வீட்டுப் படியிலயே உக்காந்துட்டாரு. அரை மணி நேரம். என் வீட்டுக்காரி மோர் கொண்டாந்து வெச்சா, அதுல ஈ விழுந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"போய்ப் பார்த்திருக்கலாமே பாபாய்."

"நானும் அதான் சொன்னேன். பஸ்ல ஒரு பகல். வாங்க, நானும் வர்றேன்னேன். எல்.சி. குடுத்த ஆபரேட்டரு லைனுக்குப் போகக் கூடாது மத்திலேட்டி, ரூம்லயே இருக்கணும்னாரு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "போனா தெரிஞ்சிடும்மா. இங்க இருந்தா, அவன் இன்னும் கம்பத்து மேல வேலை பாத்துக்கிட்டே இருப்பான்."

நான்னா வீட்டிலும் ஒரு லாக் புத்தகம் வைத்திருந்தார். நீளமான நோட்டு. பால் வந்த நேரம், தண்ணீர் வந்த நேரம், என் போன் வந்த நேரம். மார்ச் பதினான்கைத் திறந்தேன்.

18.20 – கோட்டய்யா, சாத்துக்குடி. மறுத்தேன்.

18.35 – நேரம் குறித்து மகளிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது.

18.40 – நேரம் கொடுக்கப்பட்டது.

லாக் புத்தகத்தில் தவறை அழிக்கக் கூடாது. மேலே எழுதக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். அடித்தது என்னவென்று பிறகு வருபவனுக்குத் தெரிய வேண்டும். அது விதி. 18.35 வரியின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. பக்கத்தில் அவர் கையெழுத்து. அதன் கீழே, வேறு நாள் மையில்: "பொறுப்பு என்னுடையது மட்டும்."

நினைவு வந்தது. நான் ஒரு பேனலுக்குள் தலையை விட்டிருந்தேன். டார்ச்சு ஒரு கையில். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"வேணி, விவசாய லைன் காலைல ஒம்போதுக்குத்தானே நிக்கும்?"

"ஆமா நான்னா."

"பிரகாசம் பக்கமும்?"

"எல்லா இடத்துலயும் ஒண்ணுதான் நான்னா. வேலையா இருக்கேன். வெச்சிடவா?"

பதினோரு செகண்ட் இருக்கும். எனக்கு அந்த நேரம் தெரியாது. என் துறையில்லை. தெரியாது என்று சொல்ல இன்னும் இரண்டு செகண்ட் ஆகியிருக்கும். அவர் அதற்குப் பிறகு நானூற்று ஐம்பத்தெட்டு நாள் உயிரோடு இருந்தார். வாரம் மூன்று முறை பேசினோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வலது மாடு நடிக்கிறது என்று சொன்ன போன், அதற்கு நான்கு மாதம் பிறகு.

கோட்டய்யாவின் மற்ற கருத்துகளைத் தேடினேன். அதிகமில்லை. ஒரு காளைப் போட்டி வீடியோவின் கீழே: "இது எங்க ஊர், சின்னபொல்லவரம். ரெண்டாவது ஜோடி எங்க சித்தப்பாவோடது." அது போதும். கனிகிரி தாண்டிப் போக வேண்டும். காலையில் கிளம்பி மதியம் இரண்டரைக்கு அடைந்தேன். வழியில் வயல்களில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்களை எண்ணாமல் இருக்க முயன்றேன்.

ஊர் நுழைவில் வேப்பமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். சாத்துக்குடித் தோட்டம் கோட்டய்யா வீடு எது?

ஒருவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "அங்கம்மா வீடா?" என்றார்.

வீட்டுக்கு மனைவி பெயர் வந்துவிட்டிருந்தது. அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் நடந்தேன்.

அங்கம்மா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கோட்டய்யாவின் படத்தில் பிளாஸ்டிக் மாலை. நான் யாரென்று கேட்கவில்லை, பையையும் சட்டைக் காலரையும் பார்த்து, "கரண்ட் ஆபீஸா?" என்றாள்.

"இல்லம்மா. அந்த வேலைதான், ஆனா ஆபீஸ் இல்ல."

"நஷ்ட ஈடு குடுக்க மாட்டாங்கன்னு எழுதிட்டாங்களே. கேக்காம ஏறினா குடுக்க மாட்டாங்களாம். இப்ப எதுக்கு வந்திருக்கே?"

"எப்ப நடந்துச்சும்மா?"

"போன வருசம் மார்ச்சு. ஒம்போது இருபதுக்கு." ஆட்டின் வாயிலிருந்து தழையைப் பிடுங்கி வேறு கிளையை நீட்டினாள். "ஒம்போதுக்குக் கரண்டு நின்னுடும், பெரிய சார் ஒருத்தர் சொல்லியிருக்காருன்னாரு. ஒம்போதேகால் வரைக்கும் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் சத்தம் கேக்குதான்னு காது குடுத்து நின்னாரு. கேக்கல. நின்னுடுச்சு பாத்தியா, சார் சரியாத்தான் சொன்னாருன்னு ஏறினாரு. அந்த மோட்டார் ரெண்டு நாள் முன்னாடியே எரிஞ்சு போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது."

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

உள்ளே அலமாரியில், மாலை போட்ட படத்துக்குக் கீழே, ஒரு போன் சார்ஜில் இருந்தது. திரையில் கீறல். அவள் என் பார்வையைக் கவனித்தாள்.

"அவரோடது. திறக்கத் தெரியாது, கோடு போட்டுப் பூட்டி வெச்சிருந்தாரு. எனக்குப் படிக்கவும் வராது. ஆனா தினம் பதினோரு மணிக்கு அடிக்கும். செத்த அன்னைக்கே அடிச்சுது. ஆம்புலன்ஸ் இன்னும் வரல, அவரு சட்டைப் பையில அடிச்சுது."

"தினமுமா?"

"தினமும். என் மச்சினன் பாத்துட்டு, எவனோ பைத்தியம் அண்ணி, எல்.சி. எல்.சி.னு போடறான், நிறுத்திடட்டுமான்னான். கைய ஒடச்சிடுவேன், மாசாமாசம் ரீசார்ஜ் மட்டும் பண்ணுன்னேன். யாரோ அவரத் தேடறாங்க இல்ல? இந்த ஊர்ல பத்து நாள் தேடினாங்க. அப்புறம் யாரு தேடினா? அது அடிச்சா ஆட்டுக்குத் தண்ணி வெப்பேன். நானும் கஞ்சி குடிப்பேன்." உள்ளே திரும்பிப் பார்த்தாள். "போன மாசத்துல இருந்து அடிக்கல. மச்சினன் மேல சந்தேகப்பட்டுச் சண்டை போட்டேன். அவன் சாமி மேல சத்தியம் பண்றான்."

"அவன் நிறுத்தலம்மா. அனுப்பினவரு போயிட்டாரு."

அவள் தழையைக் கீழே போட்டாள்.

"எங்க நான்னா. அவருதான் அந்த சார்."

"என்ன எழுதினாரு தினம்?"

எல்.சி. என்ன என்று அவளுக்குச் சொன்னேன். முடிந்தவரை சின்ன வார்த்தைகளில். மேலே ஏறினவர் இறங்கிட்டேன்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் கீழ இருக்கிறவர் எந்திரிக்கக் கூடாது. "இறங்கிட்டியான்னுதான்மா கேட்டுக்கிட்டே இருந்தாரு."

நான் கிளம்பியிருக்கலாம். நான்னா கோடு போட்டு என்னை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார். ஆனால் அடித்தது படிக்கும்படிதான் இருந்தது.

"அம்மா, எங்க நான்னாவுக்கு அந்த நேரம் உறுதியாத் தெரியல. எங்கிட்ட போன் பண்ணிக் கேட்டாரு. ஒம்போதுக்கு நிக்கும்னு சொன்னது நான். எனக்கும் தெரியாது. தெரியாமலே சொன்னேன்."

அங்கம்மா என்னை முதல் முறையாக முழுவதும் பார்த்தாள். செருப்பிலிருந்து மேலே.

"எவ்வளவு படிச்சிருக்கே?"

"எம்.டெக்."

"தெரியாதுன்னு சொல்ல அதுல சொல்லித் தரலையா?" என்றாள். குரல் உயரவில்லை. பிறகு உயர்ந்தது. "போ. எந்திரிச்சுப் போ இங்கிருந்து. போ!"

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

வேலி வரை வந்திருப்பேன். பின்னால் கூப்பிட்டாள்.

"இந்தாம்மா."

திரும்பினேன். அவள் வாசலில் கோட்டய்யாவின் போனைச் சார்ஜர் வயரோடு கையில் பிடித்திருந்தாள். "அந்தப் பெரியவரு போன் யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான்."

"அதுல இருந்து அனுப்பினா இது அடிக்குமா?"

"அடிக்கும்."

"பதினோரு மணிக்கு." இதைக் கேள்வியாகச் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று தர்மவரம் திரும்பினேன். மறுநாள் காலை நான்னாவின் நோட்டை எடுத்தேன். ஜூன் பதினைந்தில் 10.00 வரை அவர் கையெழுத்து. அதன் கீழே எழுதினேன்: "கோட்டய்யா, போன வருடம் மார்ச் 15, 09.20. இறங்கவில்லை. எல்.சி. திருப்பப்படாது. ஷிப்ட் பொறுப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது." என் கையெழுத்து. 18.35 வரிக்குப் போய், அவர் போட்ட கோட்டின் பக்கத்தில், இந்த வரி சரியானது என்று எழுதி இன்னொரு கையெழுத்து.

அம்மா சமையலறையிலிருந்து பார்த்தாள். "உனக்குமா?" என்றாள். "லீவு முடிஞ்சு எப்பப் போறே?"

"எங்க இருந்தாலும் செய்யலாம்மா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். 10.40 கடந்தது. அப்போது எந்திரிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது, எந்திரிக்கவில்லை. போனின் பின்பக்கத்தில் அவர் கட்டைவிரல் தேய்த்த இடம் வழுவழுப்பாக இருந்தது.

"11.00. எல்.சி. திருப்பவும்."

நான்கு நிமிடத்தில் குவைத்திலிருந்து பதில் வந்தது.

"தாத்தா வந்துட்டாரு!"

அதற்கு ஏழு பேர் விருப்பம் போட்டார்கள். நான் திருத்தவில்லை. சின்னபொல்லவரத்தில் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் நேரம்.